எத்தனை லெசன் போதும்?

சென்ற மாதம் ஆராதனை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது ஒரு தாயார் எங்களிடம் வந்தார். மகனுக்கு 17 வயது நிறைந்து மூன்று கிழமை. "அண்ணா, அக்கா, நீங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவு சொல்லுங்கோ. கார் பழக்கிற ஆள் நாற்பது மணித்தியாலம் வேணும் எண்டு சொல்லுறார். இவர் பத்து லெசன் காணும் எண்டு சொல்லுறார். ஒரு லெசன் 40 பவுண். ஆர் சொல்லுறது சரி?" என்றார். 'இவர்' என்பவர் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். மகன் போனைப் பார்த்தபடி, காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு நின்றான்.

தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் அல்ல அது. அடுத்த இதழில் எழுதுகிறோம் என்று சொல்லித் தப்பிக்கொண்டோம். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நாங்கள் இருவரும் எந்தக் காரியத்திலும் ஒரே கருத்துக்கு வர நாள் எடுக்கும். இந்தக் காரியத்தில் கொஞ்சம் அதிகமாகவே எடுத்தது.

முதலில் கணக்கு. பிரித்தானியாவில் டிரைவிங் டெஸ்ட் நடத்துகிற அரசு நிறுவனமான டி.வி.எஸ்.ஏ. சொல்வது இது: ஒருவர் ஓட்டப் பழகிக்கொள்ள, பயிற்றுநருடன் சராசரி 45 மணித்தியாலமும், அதற்கு மேல் வீட்டாருடன் 22 மணித்தியாலப் பயிற்சியும் தேவைப்படுகின்றன. எங்கள் வெம்பிளி, ஹரோ பக்கத்தில் விசாரித்தால் மணித்தியாலத்துக்கு 35 முதல் 45 பவுண் வரை கேட்கிறார்கள். நடுவில் 40 என்று வைத்தால் 45 மணித்தியாலத்துக்கு 1800 பவுண். புரொவிஷனல் லைசன்சுக்கு இணையவழியில் 34, தியறி டெஸ்டுக்கு 23, வார நாளில் ஓட்டும் டெஸ்டுக்கு 62, ஆக 119. மொத்தம் 1919 பவுண். காப்புறுதியையும் பெற்றோலையும் இன்னும் சேர்க்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்த வயதில் இருந்தால், தகப்பன் 'பத்து லெசன் காணும்' என்று சொல்வது ஏன் என்று விளங்கும். அவரைக் கஞ்சன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

ஆனால் அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஊரிலிருந்து. எங்கள் தலைமுறையில் பலர் மாமாவின் வானிலோ சித்தப்பாவின் லொறியிலோ இரண்டு கிழமையில் பழகியவர்கள். யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்கு வெறும் வீதியில் ஓடிப் பழகினோம். எதிரே சைக்கிள்காரர் வருவார், மாடு குறுக்கே வரும், அவ்வளவுதான். இங்கே டெஸ்ட் ஏறக்குறைய 40 நிமிடம். அதில் ஒரு பகுதியை, பரிசோதகர் வழி சொல்லாமல் இருக்க, சட்நாவையோ வழிகாட்டிப் பலகைகளையோ பார்த்துத் தானாக ஓட்டவேண்டும். சிறு பிழைகள் 15 வரை மன்னிக்கப்படும். பாரதூரமான பிழை ஒன்று போதும், அத்தோடு முடிந்தது.

எங்களில் ஒருவர் ஊரில் எட்டு வருடம் ஓட்டிவிட்டு வந்தவர். யார் என்று கேட்கவேண்டாம். இலங்கை லைசன்சை வைத்து இங்கே குடிவந்த முதல் 12 மாதம்தான் ஓட்டலாம். அதை இங்கத்தைய லைசன்சாக மாற்றித் தரமாட்டார்கள், டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டும். 'எட்டு வருட அனுபவம்' ஐந்து லெசன் எடுத்துக்கொண்டு டெஸ்டுக்குப் போனது. கண்ணாடி பார்க்காமல் பாதை மாறியதற்கு ஒரு பாரதூரமான பிழை, நாற்சந்தியில் இடது பக்கம் பார்க்காததற்கு இன்னொன்று. இரண்டாம் தடவையும் பெயில். தெரியாததைப் படிக்க ஐந்து லெசன் போதுமாக இருந்திருக்கலாம். தெரிந்ததை மறக்கத்தான் பன்னிரண்டு லெசன் போனது. ஆகவே தகப்பன்மாரே, உங்கள் ஊர்க் கணக்கைப் பிள்ளையின் தலையில் வைக்கவேண்டாம். எங்கள் சபையில் எத்தனை தகப்பன்மார் இங்கே முதல் தடவையில் பாஸ் பண்ணினார்கள் என்று ஒருநாள் கைதூக்கச் சொன்னால் மண்டபம் அமைதியாக இருக்கும்.

இனி வாலிபர்களுக்கு. உங்களுக்குள் ஓடுகிற கணக்கு வேறு. யார் குறைந்த லெசனில் பாஸ் பண்ணினார்கள் என்பது உங்களுக்குள் ஒரு போட்டி. "அவன் இருபதில பாஸ், நான் இருபத்தைந்து, எனக்கு ஏன் இன்னும் டெஸ்ட் போடேல்லை?" என்று கேட்கிறீர்கள். அந்த இருபதுக்காரன் தினமும் மாலையில் அக்காவைப் பக்கத்தில் வைத்து டெஸ்கோ வரை ஓட்டிப் போனவன். அவன் அதைச் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

லெசனை எப்படி வாங்குவது என்பதில்தான் காசு அதிகம் வீணாகிறது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்பது வழக்கம். லண்டனில் அந்த ஒரு மணித்தியாலத்தில் பத்து நிமிடம் வீட்டுத் தெருவிலிருந்து வெளியே வரப் போகும், பத்து நிமிடம் திரும்பி வரப் போகும், ஐந்து நிமிடம் கதை. உண்மையாகப் பழகியது 35 நிமிடம். முதல் நாலைந்து தடவைக்கு அது சரி, புதியவனின் மூளை அதற்கு மேல் தாங்காது. கிளச்சும் கியரும் கொஞ்சம் கைக்கு வந்தபிறகு ஒன்றரை அல்லது இரண்டு மணித்தியாலமாக எடுப்பது நல்லது. அப்போதுதான் ஹாங்கர் லேன் சுற்றுக்குப் போய், பயந்து, மறுபடி ஒருதரம் சுற்றி, பயம் தெளிந்து வீடு வர நேரம் இருக்கும். ஒரு மணித்தியாலத்தில் பயப்பட மட்டுந்தான் நேரம்.

காசு இறுக்கமான வீடுகளில் இரண்டு கிழமைக்கு ஒருதரம் என்று நீட்டுவதைப் பார்க்கிறோம். மிச்சம்போலத் தெரியும், ஆனால் பழகியதில் பாதி அடுத்த லெசனுக்குள் கையை விட்டுப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் முதல் அரைமணி பழையதை நினைவுபடுத்தவே போகிறது. அதைவிட மூன்று நாலு மாதம் பொறுத்து, காசைச் சேர்த்துவைத்து, பிறகு இடைவெளி இல்லாமல் கிழமைதோறும் எடுப்பது மலிவு. அந்த நாலு மாதத்தில் தியறியை முடித்துவிடலாம். 50 கேள்வியில் 43 சரியாக வரவேண்டும், ஆபத்தைக் கண்டறியும் காணொளிப் பகுதியில் 75க்கு 44 எடுக்கவேண்டும். பாஸ் பண்ணினால் அது இரண்டு வருடம் செல்லும். அதற்குள் ஓட்டும் டெஸ்டில் பாஸ் பண்ணாவிட்டால் தியறியை மறுபடி எழுதவேண்டும். அதனால் காசு கையில் இல்லாத நேரத்தில் 17ஆம் பிறந்த நாளுக்கு அடுத்த நாளே தியறியை எழுதிவிட்டு ஒன்றரை வருடம் சும்மா இருப்பதும் புத்தியல்ல.

பத்து லெசனுக்கு முற்பணம் கட்டினால் விலை குறைத்துத் தருவார்கள். குறைப்பு உண்மைதான். ஆனால் முதல் இரண்டு லெசனைத் தனித்தனியாகக் காசு கொடுத்து எடுங்கள். அந்த ஆளோடு பிள்ளைக்கு ஒத்துப்போகிறதா, அவர் நேரத்துக்கு வருகிறாரா, லெசன் நடுவே தன் போனில் கதைக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பிறகு பத்துக்குக் கட்டலாம். ரசீது வாங்குங்கள், இடையில் நிறுத்தினால் மிச்சக் காசு எப்படித் திரும்பும் என்று கேளுங்கள். நாங்கள் அறிந்த ஒரு குடும்பம், தமிழ் ஆள், தெரிந்த ஆள் என்று இருபது லெசனுக்குக் கையில் காசாகக் கொடுத்தது. ஏழு லெசன் நடந்தது. பிறகு போன் எடுபடவில்லை. 'தெரிந்த ஆளிடம் ரசீது கேட்பது மரியாதையா?' என்று அந்தத் தாய் எங்களிடம் கேட்டார். மரியாதைதான் என்று இப்போது அவரே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காரின் முன்கண்ணாடியையும் ஒருதரம் பாருங்கள். பச்சை நிற எண்கோண அட்டை இருந்தால் முழுத் தகுதி பெற்ற பயிற்றுநர். இளஞ்சிவப்பு முக்கோணம் என்றால் பயிற்சியில் இருப்பவர். அவரிடம் பழகுவதில் பிழை இல்லை, ஆனால் முழு விலை கேட்டால் ஏன் என்று கேட்கலாம். இரண்டும் இல்லாதவர் காசு வாங்கிப் பழக்குவது சட்டவிரோதம், அவர் சபைக்கு வருகிறவராக இருந்தாலும்.

ஒரு கிழமையில் பாஸ் என்று விளம்பரம் செய்கிற விரைவுப் பயிற்சிகளைப் பற்றி எங்களுக்குள் இன்னும் பேதம் உண்டு. எங்களில் ஒருவர் அது கூடவே கூடாது என்கிறார். மற்றவர், ஏற்கெனவே முப்பது மணித்தியாலம் ஓட்டிவிட்டு இடையில் படிப்புக்காக விட்டவர்களுக்குச் சரிவரும் என்கிறார். முதல்முதல் ஸ்டியரிங் பிடிக்கிற பிள்ளைக்கு வேண்டாம் என்பதில் இருவரும் ஒன்று. ஏ லெவல் முடித்த ஒரு தம்பிக்கு அப்படி ஒரு கிழமைக்குக் கட்டினார்கள். திங்கள் தொடங்கி ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம். புதன்கிழமை பின்னேரம் அவனுக்கு இடது எது வலது எது என்றே குழம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை டெஸ்டில் பெயில். பெயில் ஆனால் பத்து வேலைநாட்களுக்குப் பிறகுதான் மறுபடி எடுக்க முடியும், அது சட்டம். உண்மையில் கிடைத்த திகதியோ மாதக்கணக்கில் தள்ளி. அதற்குள் அவன் பல்கலைக்கழகம் போய்விட்டான், கையும் மறந்துவிட்டது.

டெஸ்ட் திகதி கிடைப்பதே பெரும்பாடு என்பதால் சில வீடுகளில் முதல் லெசனுக்கு முன்பே திகதி போட்டுவிடுகிறார்கள். பிறகு திகதிதான் பிள்ளையை ஓட்டுகிறது. பயிற்றுநரைக் கேட்டுப் போடுங்கள், அவர் தயார் இல்லை என்றால் தள்ளிவையுங்கள். பத்து முழு வேலைநாட்களுக்கு முன் மாற்றினால் கட்டிய காசு போகாது. அரசின் இணையத்தளத்தில் 62 பவுணுக்குக் கிடைக்கிறதை இடைத்தரகரிடம் பல மடங்கு கொடுத்து வாங்கவும் வேண்டாம்.

கியர் காரா, ஒட்டோமற்றிக்கா என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஒட்டோமற்றிக்கில் மணித்தியால விலை கொஞ்சம் கூட, லெசன் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவு. அதில் பாஸ் பண்ணினால் அதைத்தான் ஓட்டலாம், கியரில் பாஸ் பண்ணினால் இரண்டையும் ஓட்டலாம். வீட்டில் நிற்கிற கார் எது என்று பாருங்கள். அந்தக் காரில்தான் பிள்ளை உங்களோடு பழகவேண்டும்.

காசு உண்மையாக மிச்சமாவது அங்கேதான். 21 வயதுக்கு மேற்பட்ட, மூன்று வருடமாக முழு லைசன்ஸ் வைத்திருக்கிற யாரும் பக்கத்தில் இருந்து பழக்கலாம். எல் போர்ட் ஒட்டவேண்டும், பிள்ளையின் பெயரில் காப்புறுதி இருக்கவேண்டும், மோட்டர்வேக்குப் போகக்கூடாது. பக்கத்தில் இருப்பவரும் போனைத் தொடக்கூடாது, சட்டம் அவரையும் ஓட்டுகிறவரைப் போலவே பார்க்கிறது. பழகுகிறவர்களுக்கென்று நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் தனிக் காப்புறுதி கிடைக்கிறது. ஆலயத்துக் கார் பார்க் தனியார் இடந்தானே, காப்புறுதி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பொதுமக்கள் வந்துபோகிற கார் பார்க்கிலும் லைசன்சும் காப்புறுதியும் வேண்டும். போன வருடம் நாங்கள் வாடகைக்கு எடுக்கிற ஆலயத்தின் ரோசாச் செடிக்கு என்ன நடந்தது என்று நாங்கள் எழுதப்போவதில்லை. ஆங்கிலேயச் சபையார் மன்னித்துவிட்டார்கள்.

ஆனால் பழக்கத் தெரியாத தகப்பன் பக்கத்தில் இருந்தால், மிச்சமான காசு வேறு வழியில் போய்விடும். எங்கள் மகள் பழகும்போது எங்களில் ஒருவர் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தார். ரவுண்டபவுட் வந்தால் "பார், பார், பார்" என்று கத்துவார். எதைப் பார்க்க என்று சொல்லமாட்டார். மூன்றாம் நாள் மகள் காரை ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து, "அப்பா, நீங்கள் நடந்து வாங்கோ" என்றாள். (இப்போது யார் என்று தெரிந்துவிட்டது, பரவாயில்லை.) பிறகு பயிற்றுநரிடம் அனுமதி கேட்டு ஒரு லெசன் முழுவதும் பின்சீட்டில் வாய் திறக்காமல் இருந்து பார்த்தார். பயிற்றுநர் எந்த வார்த்தையை எப்போது சொல்கிறார், எவ்வளவு முன்கூட்டிச் சொல்கிறார் என்று கவனித்தார். அதற்குப் பிறகுதான் வீட்டுப் பயிற்சி பயிற்சியாக மாறியது. பெற்றோர் ஒவ்வொருவரும் ஒருதரம் அப்படி இருந்து பாருங்கள். லெசனில் ஒரு முறையும் வீட்டில் இன்னொரு முறையும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

இவ்வளவும் காசும் நேரமும். நாங்கள் இந்தப் பக்கத்தை எழுத ஒத்துக்கொண்ட காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முன், ஒரு நவம்பர் சனிக்கிழமை, லூட்டனில் வாலிபர் கூட்டம். போவதற்கு வான் ஒழுங்கு பண்ணியிருந்தோம். திரும்பி வருவதற்கு இடம் காணவில்லை. மூன்று கிழமைக்கு முன் டெஸ்ட் பாஸ் பண்ணிய ஒரு தம்பி தன் வீட்டுக் காரில் வந்திருந்தான். நல்ல பிள்ளை, பொறுப்பான பிள்ளை. "தம்பி, வெம்பிளிக்குத்தானே போறீர், இந்த நாலு பேரையும் ஏத்திக்கொண்டு போறீரோ?" என்று கேட்டோம். அவன் ஒரு கணம் தயங்கினான். சரி அங்கிள் என்றான். அந்தத் தயக்கத்தை நாங்கள் இருவரும் கண்டோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எம் 1இல் ஏறியதும் மழை பிடித்தது. லொறிகள் வாரி அடிக்கிற தண்ணீரில் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. வைப்பரை எப்படி வேகமாக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை, இருட்டில் தடவி வேறெதையோ திருப்பினான். பின்னால் இருந்த பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் கார் தண்ணீர் மேல் மிதப்பதுபோல ஒரு கணம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் போயிருக்கிறது. பாட்டு நின்றுவிட்டது. லண்டன் கேட்வே நிறுத்தத்துக்குள் எப்படியோ திருப்பி, காரை நிறுத்தி, தகப்பனுக்குப் போன் எடுத்தான். தகப்பன் இன்னொரு கார்க்காரரோடு வந்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று நாங்களும் மற்றவர்களைப் போலச் சொன்னோம்.

இரண்டு நாள் கழித்து அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். "அன்ரி, நான் மே மாதம் தொடங்கி ஓகஸ்ட் வரைக்கும் பழகினனான். இருபத்தாறு மணித்தியாலம். எல்லாம் பின்னேரம் நாலு மணிக்கு, வெயிலில. ஒருநாளும் மழையில ஓடேல்லை. இரவில ஓடேல்லை. மோட்டர்வேயைக் கண்ணாலும் காணேல்லை. நீங்கள் கேட்கேக்க இல்லை எண்டு சொல்லத் தெரியேல்லை" என்றான். அவன் ஏமாற்றவில்லை. டெஸ்ட் கேட்டதை எல்லாம் சரியாகச் செய்து பாஸ் பண்ணியவன். அவனிடம் டெஸ்ட் கேட்காத ஒன்றைக் கேட்டவர்கள் நாங்கள். நாலு வீட்டுப் பிள்ளைகளை அவன் கையில் கொடுத்தவர்களும் நாங்கள்தான். அந்த நாலு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டோம். ஒரு வீட்டில் கதவைத் திறந்த தாய் எங்களை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்.

அன்றிலிருந்து 'எத்தனை லெசன் போதும்' என்று யாராவது கேட்டால், எதற்குப் போதும் என்று திருப்பிக் கேட்கிறோம். டெஸ்டுக்கா, இல்லை ஜனவரியில் இரவு எட்டு மணிக்கு மழையில் தங்கையை டியூஷனிலிருந்து கூட்டிவருவதற்கா? முதலாவதுக்கு முப்பது போதுமாக இருக்கலாம். இரண்டாவதை எண்ணிக்கையால் சொல்ல முடியாது. எந்த நேரத்தில், எந்தக் காலநிலையில், எந்த வீதியில் என்று பார்த்துச் சேர்க்கவேண்டும். லூக்கா 14இல் கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான் என்று இயேசு சொன்னதை நாங்கள் எல்லோரும் காசுக்குத்தான் எடுத்துக்காட்டுகிறோம். அந்த மனிதன் தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை, முடிக்க எவ்வளவு வேண்டும் என்றும் பார்த்தான்.

இதற்குப் பெரிய காசு வேண்டியதில்லை. நாற்பது மணித்தியாலத்தில் ஐந்தாறை இருட்டிய பிறகு போடும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, கேட்பது கஷ்டமில்லை. மழை என்று லெசனை நிறுத்தவேண்டாம். 2018 ஜூன் முதல் பழகுகிறவர்களும் முழுத் தகுதி பெற்ற பயிற்றுநருடன், இரட்டைக் கட்டுப்பாடு உள்ள காரில் மோட்டர்வேயில் ஓடலாம். டெஸ்டுக்கு முன் ஒருதரமாவது போய்வாருங்கள். பாஸ் பண்ணிய பிறகு பாஸ் பிளஸ் என்று ஒரு பயிற்சி உண்டு. குறைந்தது ஆறு மணித்தியாலம். நகரம், கிராமப்புற வீதி, இரவு, எல்லாக் காலநிலை, இரட்டைப் பாதை, மோட்டர்வே எல்லாம் அதில் வரும். டெஸ்ட் கிடையாது. சில காப்புறுதி நிறுவனங்கள் அதற்காகக் கட்டணத்தைக் குறைக்கின்றன, எல்லாம் அல்ல, கேட்டுப் பாருங்கள்.

பாஸ் பண்ணிய முதல் இரண்டு வருடத்தைப் பற்றியும் வாலிபர்கள் தெரிந்திருக்கவேண்டும். அந்தக் காலத்தில் ஆறு புள்ளி விழுந்தால் லைசன்ஸ் போய்விடும். மறுபடி புரொவிஷனல், மறுபடி தியறி, மறுபடி டெஸ்ட். ஓடும்போது கையில் போனை எடுத்தால் ஒரே தடவையில் ஆறு புள்ளியும் 200 பவுண் தண்டமும். அம்மா அப்பா சேர்த்துக் கட்டிய 1900 பவுண், 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று ஒரு மெசேஜ் அனுப்பியதில் போய்விடும்.

சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். டெஸ்ட் திகதியை ஊர் முழுக்கச் சொல்லவேண்டாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தங்கை பெயில் ஆனதை ஆறு கிழமை வீட்டாருக்கே மறைத்துவைத்தாள், ஏனென்றால் தாயார் ஜெபக்கூட்டத்தில் எல்லோரிடமும் திகதியைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் "என்ன, பாஸோ?" என்ற கேள்விக்குப் பயந்து அவள் ஆலயத்துக்கு வராமல் விட்டாள். ஜெபியுங்கள், வீட்டுக்குள் ஜெபியுங்கள். சாட்சி நேரத்தில் பாஸ் பண்ணியவர்கள் எழுந்து சொல்லும்போது பின்வரிசையில் பெயில் ஆனவர் ஒருவர் இருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகளுக்கு ஆனதை ஒளிக்காமல் எழுதுகிறோம். லெசன் 38 மணித்தியாலம், 1520 பவுண். வீட்டுக் காரில் ஏறக்குறைய முப்பது மணித்தியாலம், அதற்கு நாலு மாதக் காப்புறுதி தனி. டெஸ்ட் இரண்டு தடவை, 124. தியறி 23, புரொவிஷனல் 34. பாஸ் பண்ணிய பிறகு இரவிலும் மோட்டர்வேயிலுமாக இன்னும் ஆறு மணித்தியாலம், 240. காப்புறுதியை விட்டு மொத்தம் 1941 பவுண். அதில் 600ஐ அவளே சனிக்கிழமை வேலையில் சேர்த்துக் கொடுத்தாள். தன் காசு போகத் தொடங்கியபிறகு லெசனுக்குப் பிந்திப் போனதில்லை.

கடைசி ஆறு மணித்தியாலம் தேவையா என்று எங்களில் ஒருவர் கேட்டார். மற்றவர் 'லூட்டன்' என்று ஒரு சொல் சொன்னார். அதோடு விட்டுவிட்டோம்.

அந்தத் தாயாருக்கு எங்கள் பதில் இது. நாற்பதா பத்தா என்று இன்றைக்கே தீர்க்கவேண்டாம், தங்கச்சி. ஆறு மணித்தியாலம் எடுத்துவிட்டு, இவனுக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள், எதை வைத்துச் சொல்கிறார் என்றும் கேளுங்கள். 2000 பவுணை மனதில் வைத்துத் தொடங்குங்கள், குறைந்தால் சந்தோஷம். அண்ணர் பக்கத்தில் இருந்து பழக்குவாரானால் முதலில் ஒருதரம் பின்சீட்டில் இருந்து பார்க்கட்டும். தம்பியும் ஒரு பங்கு போடட்டும்.

இதை எழுதி முடிக்கிற சனிக்கிழமை காலை அந்தத் தகப்பனே எங்களுக்குப் போன் எடுத்தார். மகனுக்கு இன்றைக்கு நாலாவது லெசன். "அண்ணை, இங்கை மழை ஊத்துது. இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லிவிடட்டோ?" என்றார். வேண்டாம், போகவிடுங்கோ என்றோம். போனுக்குப் பின்னால் அந்தப் பெடியன் "நான் சொன்னனான் தானே அப்பா" என்று சொல்வது கேட்டது, பிறகு கதவு சாத்துகிற சத்தம்.